இலக்கியப் பயனும் உயிரின் சார்பும்

திருச்சிற்றம்பலம்

சென்னை மாநகரின்கண் கூவம் ஆறு மூன்று மருங்கும் வளைந்து சூழ்வரக் கிடப்பது சிந்தாதிரிப்பேட்டை. ஆங்கிலக் கும்பினியார் தம் துணிவாணிகத்திற்குப் போதிய ஆடை கிடையாமையால், கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் காலத்தில், 1734-ஆம் ஆண்டில், நூற்போர், நெய்வோர், துணியில் ஓவியந் தீட்டுவோர், வெளுப்போர் முதலாயினாரைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. சின்னத்தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை எனத் திரிந்தது என்பர். ஆதிபுரீசுவரர்க்கும் ஆதிகேசவப் பெருமாளுக்கும் அருகருகே கோயில்கள் அங்கு எழுந்தன. இன்று அத்தெருக்களில் தறியோசை இல்லை; கோயில்கள் உள.

தறிகள் ஓய்ந்தனவாயினும் தமிழ்ப்புலவர் நாவில் அத்தொழில் ஓய்ந்ததில்லை. 'நூல்' என்னும் சொல்லை வழங்குந்தோறும் பஞ்சும் கதிரும் உடன் வருகின்றன. நன்னூற் பொதுப்பாயிரம் அப்பெயர்க்கு இருவகையாற் காரணங் கூறும். சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்தல் ஒன்று. மரத்தின் கோட்டத்தைத் தச்சன் இடும் நூல் தீர்க்குமாறுபோல மாந்தர் மனக்கோட்டத்தைத் தீர்ப்பது நூல் என்றல் மற்றொன்று. மடங்களிற் பாடங்கேட்ட மாணாக்கர் இவ்விரண்டனையும் ஒருங்கே நெட்டுருச்செய்து மேற்சென்றனர். இரண்டும் வேறு வேறு நூல்கள் என்பதனை நின்று நோக்கினார் மிகச் சிலரே. தச்சனது நூல் மரத்தின்கண் தங்குவதன்று. கோட்டத்தைக் காட்டியபின் அது சுருட்டி எடுத்து வைக்கப்படும். நூற்ற இழையோ ஆடையாகி உடுத்தான் உடம்பொடு கிடக்கும்; அவன் வியர்வையை ஏற்கும்; அவன் உறங்குழியும் அவனைப் பிரியாது. இலக்கியம் என்பது இவ்விரண்டனுள் எவ்வகை நூல் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சைவருள் ஒருசாரார் தச்சன் நூலையே விடையாகக் கூறுவர். ஒரு செய்யுள் கூறும் பொருள் மெய்யாயிற் கொள்ளுக, பொய்யாயிற் றள்ளுக. கதையும் வருணனையும் அப்பொருளைப் பேதையர்க்கு ஊட்டுதற்பொருட்டுத் தடவிய தேனேயாம் என்பது அவர் கொள்கை. அதன் வழியே, மெய்கண்ட சாத்திரம் பதினான்கும் கற்றவனுக்குக் காப்பியத்தால் ஆவது ஒன்றில்லை என்றும், புறச்சமயத்தார் செய்த காப்பியமோ கையால் தீண்டவும் ஆகாது என்றும் அவர் முடிவு கூறுவர். மற்றொருசாரார் சுவையே இலக்கியத்தின் பயன், அதற்குமேல் ஒன்று கேட்டல் புலவனுக்கு இழைக்கும் அவமதிப்பு என்பர். இவர் கூற்றை நெடிது மறுக்க வேண்டுவதில்லை. உண்டு பசியாறாதான் ஒருவன் உணவின் நிறத்தையே புகழ்ந்திருத்தலோடு அது ஒக்கும். முன்னையோர் கூற்றே ஆராயற்பாலது. அது சைவத்தின் பெயரால் வருதலின்.

சித்தாந்தம் உயிரின் இயல்பு கூறுமிடத்துச் சார்ந்ததன் வண்ணமாதல் என்பதனைத் தலைமையாக எடுத்தோதும். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுமாறுபோல, உயிர் மலத்தைச் சார்ந்துழி மலமாந் தன்மைத்தாயும், திருவருளைச் சார்ந்துழி அருளாந் தன்மைத்தாயும் நிற்கும் என்பது யாவரும் அறிந்தது. ஆயின் இவ்வியல்பினைக் கட்டுநிலை, முத்திநிலை என்னும் இரண்டன்மேல் வைத்தே பேசிவிட்டு, இடைநின்ற அன்றாட வாழ்க்கையின்மேல் வைத்துப் பாராது விடுதல் வழக்கமாயிற்று. ஒருவன் ஒரு திங்கள் முழுதும் மாலைதோறும் விளக்கின்கீழ் இருந்து ஒரு காப்பியத்தைப் படிப்பானாயின், அத்திங்கள் முழுதும் அவனுயிர் எதனைச் சார்ந்து கிடந்தது? கதையிலுள்ள அரசன் நாடிழக்குங்கால் தன் நாடு இழந்தாற்போல வருந்தினான்; தாய் மகவைப் பிரியுங்கால் தொண்டை அடைப்ப நின்றான். தன்னுடையதல்லாத இன்பதுன்பங்களில் அவன் வண்ணம் மாறி மாறிப் படிந்தது. இதனால் அவன் அறிந்துகொண்ட செய்தி யாது எனின், பெரும்பாலும் ஒன்றுமில்லை. அரசு நிலையாது என்பதும் தாயன்பு பெரிது என்பதும் அவன் முன்னரே அறிந்தவை.

அறிதல் வேறு, சார்தல் வேறு. தீச் சுடும் என்பதை ஏட்டில் அறியலாம். மார்கழி வைகறையில் தீயின் மருங்கு அமர்ந்தாலன்றிக் குளிர் நீங்காது. இலக்கியத்தால் வரும் அறிவு சிறிது. அது வேறு நூல்களிற் குறுகிய வழியாற் பெறலாவது. இலக்கியத்தால் வரும் சார்போ வேறொன்றினாற் பெறலரிது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என்னும் நான்கனுள், கேட்டலுக்கும் தெளிதலுக்கும் சாத்திரம் பெரிதும் உதவும். இடைப்பட்ட சிந்தித்தலுக்கோ உயிர் அமர்ந்து தங்குதற்கு ஓர் இடம் வேண்டும். அவ்விடத்தை எடுத்துக் கொடுப்பது காப்பியம்.

இக்கருத்துக்குச் சான்று தேடிப் புறத்தே செல்ல வேண்டுவதில்லை. பன்னிரண்டாந் திருமுறையின் பிறப்பே சான்றாம். உமாபதி சிவாசாரியார் அருளியதாகப் போற்றப்படும் சேக்கிழார் புராணம் கூறும் வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. அநபாய சோழ மன்னன் சமணர் காப்பியமாகிய சீவக சிந்தாமணியை மெய்யென விரும்பிக் கேட்டிருந்தான். அமைச்சராய் அமர்ந்த குன்றத்தூர்ச் சேக்கிழார் அதனை நெல்லிருக்க உமி குத்திக் கை வருந்துவார் செயலோடு ஒப்பிட்டு இடித்துரைத்து, சிவனடியார் வரலாறே இம்மைக்கும் மறுமைக்கும் துணை என்று எடுத்தோதினார். அநபாயன் என்பான் இரண்டாங் குலோத்துங்கன் எனவும், அவன் காலம் கிறித்து ஆண்டு 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதி எனவும் ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர்.

இவ்வரலாற்றை எடுத்துக்காட்டுவார் பெரும்பாலும் இடித்துரைத்த பகுதியோடு நின்றுவிடுகின்றனர். அதன்பின் நிகழ்ந்ததே நுணுகி நோக்கற்பாலது. அடியவர் பெருமையை மன்னன் வினவியபோது சேக்கிழார் சுந்தரமூர்த்தி நாயனாரது திருத்தொண்டத்தொகையை எடுத்துச் சொன்னார். நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியையும் சொன்னார். மெய்ப்பொருள் முழுதும் அவற்றில் உளது. தொகை பதினொரு திருப்பாட்டே. அதனினும் உயர்ந்த வாக்கு வேண்டுமோ? இலக்கியம் தச்சன் நூலேயாயின் மன்னன் மனக்கோட்டம் அவ்வளவில் தீர்ந்திருத்தல் வேண்டும். ஆயினும் மன்னன் அதனை விரித்துக் காப்பியமாகச் செய்து தருமாறு வேண்டினான். சேக்கிழாரும், தொகையே சாலும் என்று மறுத்திலர். தில்லைக்குச் சென்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுளால் திருத்தொண்டர் புராணத்தைச் செய்தருளினார். சிந்தாமணி 3145 செய்யுளான் இயன்றது. ஒரு பெருங்காப்பியத்தைச் சார்ந்து அதன் வண்ணமாய் நின்ற உயிரை, மறுப்புரையால் அதனினின்றும் பறித்தெடுத்தல் இயலாது. அதனினும் பெரியதொரு காப்பியத்தைச் சார்வித்தே மாற்றுதல் வேண்டும் என்பதை அமைச்சர் பெருமான் உணர்ந்தார் போலும். அன்றியும் மழை, ஆறு, நாடு, நகர் என்னும் காப்பிய முறைமையைக் கைவிடாது, திருநாட்டுச் சிறப்பும் திருநகரச் சிறப்பும் பாடியே அடியார் வரலாற்றுள் நுழைகின்றார். மன்னன் செவி எந்த முறைமையில் பழகியதோ அந்த முறைமையிலேயே அவனுக்கு அமுது வட்டிக்கப்பட்டது.

யவன தேயத்துப் பிளேட்டோ என்னும் பேரறிஞரும் இவ்வியல்பினை ஒருவாறு கண்டவரே. காவியத்தைக் கேட்கும் உயிர் அதிற் காணும் அழுகைக்கும் சினத்திற்கும் இடங்கொடுத்து அவற்றின் தன்மையாய்விடும் என அஞ்சி, தாம் கருத்தால் அமைத்த நன்னகரத்தினின்றும் புலவரை வெளியேற்றினார். அவர் மாணாக்கர் அரிஸ்டாட்டில் புலவர்க்குப் பரிந்து வேறு கூறினார் என்பதும், அவ்வழக்கு மேனாட்டில் ஓய்ந்தபாடில்லை என்பதும் கற்றோர் அறிவர். அச்சம் இருவர்க்கும் ஒன்றே. பிளேட்டோ கதவை அடைத்தார். சேக்கிழார் எழுத்தாணியை எடுத்தார். தமிழுலகம் பின்னவரைப் பெற்றது அதன் தவப்பயன்.

காப்பியம் உயிரை எங்ஙனம் சார்விக்கின்றது என்பதனைக் கண்ணப்ப நாயனார் புராணத்தில் வைத்துக் காணலாம். தொகை அவரை ஒரு தொடரால் வணங்கி மேற்செல்கின்றது. அந்தாதி ஒரு செய்யுளளவில் அவர் செயலைக் குறிக்கின்றது. பதினோராந் திருமுறையில் நக்கீரர், கல்லாடர் என்பார் பெயரால் வழங்கும் திருமறங்கள் இரண்டும் காளத்தி மலையில் நிகழ்ந்ததை எடுத்துரைக்கின்றன. சேக்கிழாரோ உடுப்பூரிலே, நாகனும் தத்தையும் மகவின்றி ஏங்கியிருந்த காலத்திலே தொடங்குகின்றார். தவழ்நடை கடந்த திண்ணன், வேடர் பழக்கி வைத்த பார்வைப் புலியின் திறந்த வாயைக் குகையென்று எண்ணிக் கையை நீட்டுகின்றான். தந்தை பைந்தழையை ஓச்சி அச்சுறுத்த, குழந்தை கண்ணீர் உகுக்கின்றது. விரைந்து படிப்பார்க்கு இது பிள்ளைமைச் சிறப்புக் கூறும் வழக்கமான செய்யுளாகவே தோன்றும். கதைக்கு இது வேண்டுவதும் அன்று. ஆயினும் ஆறாம் நாள் மலைமேல், அதே கை சிறிதும் தயங்காமல் தன் கண்ணிலே சென்று அம்பை ஊன்றுமிடத்து, புலிவாயுட் சென்ற பிஞ்சுக்கை படிப்பார் நெஞ்சில் எழாதிராது. அச்சம் என்பதனைப் பிறவியிலேயே அறியாத கை அது. பைந்தழைக்கு அழுத கண், பறிக்கப்படுங்கால் அழுததில்லை. இவ்விரண்டிடத்தையும் சேக்கிழார் ஓரிடத்தும் இணைத்துக் கூறவில்லை. இணைப்பது படிப்பவன் உயிர்.

அதனினும் சிறந்தது மலையை நோக்கிச் செல்லும் வழி. நாணன் அம்மலைமேற் குடுமித்தேவர் உளர் என்று கூறக் கேட்டுத் திண்ணனார் நடக்கின்றார். சிவம் என்பதும் பூசை என்பதும் அவர் அறியார். நடக்குங்கால், அம்மலையை நெருங்குந்தோறும் தம்மேலிருந்த பாரம் ஒன்று குறைந்து போவதுபோல் உளதே, இஃது என்னையோ என்று தோழனிடம் வியந்து கூறுகின்றார். மலபரிபாகத்தையும் சத்திநிபாதத்தையும் பற்றி எத்துணை நூல்கள் எத்துணை வகைகளை விரித்துரைக்கின்றன! அவற்றையெல்லாம் கற்று ஒப்பித்த மாணாக்கன் ஒருவன், ஒரு நாளேனும் தன் தோளில் ஒரு சுமை உண்டென்று உணர்ந்திலனாயின் அவன் கற்றது என்? முற்றவத்தின் பயன் என்று ஒரு சொல்லாற் குறித்துவிட்டு, இலக்கணமும் வகையும் கூறாது, சுமை குறைந்த ஒருவன் வாய்மொழியை மட்டும் சேக்கிழார் கேட்பிக்கின்றார். கேட்டவன், தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொள்கின்றான்.

இப்புராணத்துள்ளே இவ்வாராய்ச்சிக்கு முடிந்த முடிபாக அமைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆகமவழி நின்று நாள்தோறும் பூசிக்கும் சிவகோசரியார், திருமேனிமேல் இறைச்சி கிடத்தல் கண்டு நடுங்கி முறையிட, இறைவன் கனவிலே தோன்றி, அவன் வடிவெல்லாம் நம்மேல் வைத்த அன்பே என்னும் கருத்துப்பட உரைத்தருளினான். கூறவேண்டுவது யாவும் அங்கே கூறப்பட்டுவிட்டது. கூறியவன் முற்றுணர்வுடைய இறைவன். கேட்டவர் ஆகமம் வல்ல அந்தணர். ஆயினும் அவ்வளவின் அமையாது, நாளை மறைந்திருந்து காண்க என்று பணித்தான். மறுநாள் முனிவர் மறைந்து நின்று, குருதி பெருகக் கண்டு பதறிய வேடர் பச்சிலை தேடி ஓடியதையும், ஊனுக்கு ஊன் என்று துணிந்ததையும், ஒரு கண் அப்பிக் களித்ததையும், மற்றைக் கண்ணின் இடமறியக் காலை ஊன்றியதையும் கண்டார். கனவிற் கேட்ட வாக்கியம் சாத்திரம். மறைந்து நின்று கண்டதோ காப்பியம். திருத்தொண்டர் புராணத்தைப் படிப்பவன் ஒவ்வொருவனும் சிவகோசரியார் நின்ற அவ்விடத்தே நிறுத்தப்படுகின்றான். இறைவனே ஓர் உயிரைத் தெருட்டுதற்குச் சொல்லிய அளவில் நில்லாது காட்டுதலையும் வேண்டினான் எனின், சாத்திரம் கற்றார்க்குக் காப்பியம் வேண்டா என்பது எங்ஙனம் பொருந்தும்?

அற்றேல், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பதே உண்மையாயின், புறச்சமயக் காப்பியத்தைச் சார்ந்த உயிர் அதன் வண்ணமாய்க் கெடுமன்றே. சேக்கிழார் சிந்தாமணியை விலக்கியதும் அதனாலன்றோ. அதனைச் சைவர் ஓதுதலும் ஓதுவித்தலும் எங்ஙனம் தகும் எனின், அக்கடாவிற்கு விடை இறுத்தல் கடனேயாம்.

சிந்தாமணி மணநூல் என்றும் பெயர்பெறும். சீவகன் மகளிர் எண்மரை மணந்த வரலாறு அதனுட் பெரும்பகுதி. அப்பகுதியிலே தங்கி மகிழ்ந்த மன்னனை அமைச்சர் கடிந்தது, அவ்விடத்து அம்மன்னனுக்கு ஏற்ற மருந்து. ஒருவற்கு இட்ட பத்தியத்தை ஊரார் யாவர்க்கும் விதியாக்குதல் மருத்துவம் அறியாதார் செயல். திருத்தக்க தேவர் தம் காப்பியத்தை மணத்தோடு முடித்திலர். முத்தியிலம்பகத்தில், அரசனாய் வீற்றிருந்த சீவகன் ஒரு சோலையைக் காண்கின்றான். கடுவன் ஒன்று பலாச்சுளையைத் தன் மந்திக்கு ஊட்ட, காவலன் அக்குரங்குகளை ஓட்டிவிட்டு அக்கனியைத் தான் கவர்கின்றான். அவ்வளவே நிகழ்ந்தது. தன் தந்தையின் அரசைக் கட்டியங்காரன் கவர்ந்ததும், கட்டியங்காரனிடமிருந்து தான் கவர்ந்ததும் இத்தகையவே என்று அவன் நெஞ்சு துணுக்குற்றுத் துறவை நோக்கித் திரும்புகின்றது. எட்டு மணமும் கடந்து இவ்விடத்துக்கு வந்து சேர்ந்தவன், நிலையாமையை ஒரு பலாச்சுளையிற் காண்கின்றான். வீட்டின் இயல்பு பற்றிச் சமணர்க்கும் சைவர்க்கும் உள்ள வேறுபாடு பெரிது, அது தீர்க்கப்படாதது. ஆயினும் உலகின்மேற் செல்லும் பற்றைத் தளர்த்துங் கைவண்மை அக்காப்பியத்துக்கு உண்டு என்பதனைச் சைவன் மறுப்பானாயின் அவன் அதனை முற்றப் படியாதவன் ஆவன்.

பழைய சைவச் சான்றோர் இவ்வாறு அஞ்சினவர் அல்லர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்துப் புறக்கொள்கைகளை அவ்வவர் வாயாற் கூறுவித்த பின்னரே மறுத்தார். படியாது மறுக்கும் எளிய வழி அவர்க்குத் தெரியாததன்று. மேலே கூறிய நன்னூலைச் செய்த பவணந்தியும் சமணரே. அந்நூலுக்குச் சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை கண்டார். திருவாவடுதுறை ஆதீனத்துத் தவமுனிவரும், சிவஞானபோத மாபாடியம் செய்தவரும், 1785-ஆம் ஆண்டில் இறைவன் திருவடி அடைந்தவருமாகிய சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்திச் செப்பஞ் செய்தார். சைவ மடங்களில் இலக்கணப் படிப்பு அந்நூலைக் கொண்டே நடைபெற்றது. சமணர் நூற்ற நூலில் சைவர் ஆடை நெய்து உடுத்தனர் என்பதில் இழுக்கு யாது? சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியரும் மதுரைச் சைவ அந்தணர். அவர் முதற்கண் எழுதிய உரையைச் சமணப் பெரியோர் ஏற்றிலர் எனவும், அதன்பின் அவர் அச்சமயநூல்களை முறையே கற்று மீட்டும் உரை வரைந்தனர் எனவும் ஒரு செய்தி கன்னபரம்பரையாய் வழங்கும். உரைநலம் நோக்கின் அச்செய்தி நம்பத்தகாததன்று.

அணிமைக்காலத்து நிகழ்ச்சி ஒன்றும் ஈண்டு எண்ணற்பாலது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் திருவாவடுதுறையிற் பாடங்கேட்டு, கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் நாள் அவ்வூர் முன்சீபாகிய சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்ன நூல்கள் கற்றிருக்கின்றீர் என்று முதலியார் வினவ, அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என ஐயர் நெடியதொரு வரிசையை எடுத்துச் சொன்னார். முதலியார் முகம் மலர்ந்திலது. அவற்றாற் பயன் என்ன என்னும் கருத்துப்பட வினவி, சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் ஆகியவற்றைக் கற்றதுண்டோ என்று கேட்டார். ஐயர் அவற்றைக் கற்றதில்லை.

முதலியாரது வினாவில் ஒரு பாதி பிழை. ஒரு பாதி மெய். அந்தாதியும் பிள்ளைத்தமிழும் பயனில என்றல் பிழை. மனம் ஒருங்கிய அடியவன் ஒருவன் ஒரு திருவந்தாதியைச் சார்ந்து வாழ்நாளைக் கழித்தலும் கூடும். ஆயின் அவற்றோடு கல்வி முடிந்ததென்று இருந்த நெட்டுருக் கல்வியை அவ்வினா உலுக்கிற்று என்பது மெய். பயன் என்ன என்னும் கேள்வியை அதற்குமுன் அம்மாணாக்கரிடம் எவரும் கேட்டிலர் போலும். அதனால் விளைந்தது தமிழ்நாடு அறிந்தது. சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு பொருள் விளங்காது இடர்ப்பட்ட ஐயர், குடந்தையில் வாழ்ந்த சமணரை அடுத்தார். அவர் சென்ற நாளில் ஆங்கு ஒரு வீட்டிலே மாவிலைத் தோரணங் கட்டி விழாக்கோலஞ் செய்திருந்தனர். சில திங்களாக அவர்கள் நிகழ்த்திவந்த சிந்தாமணி படனம் அன்று நிறைவெய்தியது என்று கூறினர். கற்றவர் உலகம் மறந்துவிட்ட காப்பியம் ஒன்று, நான்கு தெருவுக்கு அப்பால், சிலர் வாழ்வொடு ஒட்டிய ஆடையாய் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராண படனங் கேட்டார்க்கு இதன் அருமை எளிதின் விளங்கும்.

1887-ஆம் ஆண்டிற் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சாயிற்று. பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும், மணிமேகலை 1898-லும் அவ்வழியே வெளிவந்தன. பதிப்பித்தவர் நெற்றியில் திருநீறு துலங்கும் சைவர். அவர் ஏடு தேடிய முயற்சிக்குத் துணைநின்றவற்றுள் திருவாவடுதுறை ஆதீனமும் ஒன்று. சமணக் காப்பியம் ஒன்றும் பௌத்தக் காப்பியம் ஒன்றும் இவ்வாறு சைவர் கையாற் பிழைத்தன. இதனாற் சைவம் எள்ளளவும் குறைந்ததில்லை. சிந்தாமணியைக் கற்ற பின்னரே சேக்கிழார் அதனை எத்துணை ஊன்றிக் கற்றிருத்தல் வேண்டும் என்பதும், கற்ற அதனை எங்ஙனம் கடந்து சென்றார் என்பதும் புலவர்க்குப் புலனாயின.

ஆயின் பிழையாது போனதும் ஒன்று உண்டு. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் ஏட்டுச்சுவடியைப் பிள்ளையவர்கள் காலத்தில், தாம் மாணாக்கராயிருந்தபோது, திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையிலே கண்டதாக ஐயரவர்களே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அக்காலத்து அத்தகைய நூல்களில் அவர்க்கு வேட்கை பிறந்திலது. பின்னர்ப் பழங்காப்பியங்களின் அருமை உணர்ந்து தேடியபோது அது கிடைத்திலது. தமிழ்நாடு முழுதும் தேடியும் வேறு பிரதி அகப்பட்டிலது. மடத்தைக் குறைகூறுதற்கு இது சொல்லப்படுவதன்று. அத்துணைக் காலம் அதனை வைத்துக் காத்ததும் அம்மடமே. தீயிட்டாரும் ஆற்றில் எறிந்தாரும் இலர். பகைத்தாரும் இலர். சமண நூல் நமக்கு எதற்கு என்னும் ஒரு நினைவு, அதுவும் வாய்விட்டுச் சொல்லப்படாதது, ஒரு பெருங்காப்பியத்தைக் கொண்டுபோதற்குப் போதியதாயிற்று. ஓலை தானே செல்லரிக்கும். படி எடுத்தல் ஒன்றே அதற்கு உயிர். படிக்க விரும்பாதார் படி எடார். சைவச் சிறார்க்குப் புறச்சமயக் காப்பியங்களைக் கற்பித்தல் ஆகாது என்று இன்றும் எழுந்து பேசுவார், தம் சொல் எத்துணை வலியது என்பதை அறியாது பேசுகின்றனர்.

வளையாபதியில் இன்று எஞ்சியவை எழுபது செய்யுளளவின. புறத்திரட்டைத் தொகுத்தவரும், உரையாசிரியரும், தமக்கு உவந்தவற்றை மேற்கோளாக எடுத்து வைத்தமையால் அவை பிழைத்தன. அவற்றுட் பல கள்ளுண்ணாமை, கொல்லாமை, இளமை நிலையாமை எனத் தலைப்பிட்டு அடைத்தற்குரிய நீதிகள். தச்சன் நூலாகப் பயன்படக் கூடியவற்றைத் தேர்ந்தெடுத்தனர். ஆடையாய் இருந்தது போயிற்று. வணிகன் ஒருவனையும் அவன் மனைவியரையும் பற்றிய கதை அது என்பதைப் பிற்காலத்து வைசிய புராணங் கொண்டு ஒருவாறு ஊகிக்கின்றனர். தள்ளப்பட்ட மனைவி எவ்வாறு அழுதாள், அவள் பெற்ற மகன் தந்தையை எந்நாளில் எச்சொல்லால் வினவினான், அவ்வணிகன் நெஞ்சு திரும்பிய இடத்திலே பலாச்சுளை போல்வது ஏதேனும் இருந்ததோ என்பன திருவாவடுதுறையில் அம்மாணாக்கர் கண்டு கடந்துபோன ஏட்டிலே இருந்தன.

திருச்சிற்றம்பலம்